மன்னவனூர் ரோட்டில் காற்றுப் போன டயர்: குப்பியா, கைப்பம்பா, பேட்டரி பம்பா?

நாயுடுபுரத்துக்காரி (புதன், இரவு 9.20)

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் வேலை. புதன்கிழமைதான் வார லீவு, அன்றைக்கு மட்டும்தான் சைக்கிள். டயர் 700க்கு 32, அதாவது 32 மில்லிமீட்டர் அகலம். ஊசி மாதிரி மெலிந்த பிரெஸ்டா வால்வு. பின்சக்கரத்துக்கு 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடிப்பேன். என் எடை என்ன என்று யாரும் கேட்க வேண்டாம், அந்த 65 போதும்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். காலை ஆறரைக்குக் கிளம்பி, பூம்பாறையில் டீ குடித்துவிட்டு, மன்னவனூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். கூக்கால் பிரிவு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்பக்கம் வழுக்குவது போல இருந்தது. ராத்திரி மழை பெய்திருந்ததால் ரோடு ஈரம்தான் காரணம் என்று நினைத்து இன்னும் நூறு மீட்டர் மிதித்தேன். குனிந்து பார்த்தால் டயர் சப்பையாகக் கிடக்கிறது.

பயப்படவில்லை. பையில் மாற்று டியூப் ஒன்று, 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி இரண்டு. சென்னையிலிருந்து கொழுந்தன் வாங்கி வந்தவை, இதுவரை தொட்டதில்லை. டியூப்பை மாற்றி, குப்பியைத் திருகி, மூடியைத் திறந்ததும் நாலைந்து நொடியில் டயர் கல் மாதிரி ஆகிவிட்டது. இதைப் போய் இத்தனை நாள் பயன்படுத்தாமல் வைத்திருந்தோமே என்று ஒரு பெருமை.

பெருமை பத்து நிமிஷம். மறுபடியும் சப்பை.

இப்போது மாற்று டியூப் இல்லை. ஒரு சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, முதல் டியூப்புக்கு ஒட்டுப் போட்டு, மாட்டி, இரண்டாவது குப்பியைத் திருகினேன். கோணலாகத் திருகிவிட்டேன் போல. பாதிக்கு மேல் கேஸ் பக்கவாட்டில் சீறிக்கொண்டு போனது. குப்பி வெள்ளையாகப் பனி பூத்து, விரல் அதோடு ஒட்டிக்கொண்டது. டயரில் நுழைந்தது விரலால் அமுக்கினால் ரிம்மைத் தொடுகிற அளவுதான். ஏறி உட்கார முடியாது. ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே நடந்தேன். மூடுபனி வேறு. வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டை ஏற்றிப் போன பிக்கப் ஒன்று நின்று, மூட்டைகளுக்கு மேல் சைக்கிளையும் முன்னால் என்னையும் ஏற்றிக்கொண்டது. இதை எழுதும்போதும் ஸ்வெட்டரில் பூண்டு வாசனை.

கொடைக்கானல் வந்து பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கலாம் என்று போனால் அந்தக் குழாய் இந்த வால்வில் பொருந்தவே இல்லை. காற்று அடிக்கிற பையன், "அக்கா, இது ஊசி போடுற வால்வா?" என்று கேட்டான். நான் மெடிக்கல் ஷாப் என்பது அவனுக்குத் தெரியாது.

இனி என்ன வாங்கிப் பையில் வைப்பது? மூன்று யோசனை இருக்கிறது. இன்னும் நாலு குப்பி. அல்லது கையில் அடிக்கிற சின்னப் பம்பு. அல்லது இப்போது வருகிறதே, பேட்டரியில் ஓடும் குட்டிப் பம்பு. பணம் இரண்டாயிரத்துக்குள் இருந்தால் நல்லது. நான் தனியாகத்தான் போவேன், கூட ஆள் கிடையாது. அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கோத்தகிரி இறக்கம் (புதன், இரவு 10.05)

அக்கா, குப்பியை உடனே தள்ளிவிடாதீர்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

நான் டீ ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட். ஷிஃப்ட் முடிந்தால் சில நாள் மேட்டுப்பாளையம் வரை இறங்கி, பஸ்ஸில் சைக்கிளைப் போட்டுத் திரும்புவேன். 33 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுக்க இறக்கம். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசனில் யானை நிற்கும், அது இந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். போன சீசனில் சரியாக அந்த இடத்தில் எனக்குப் பஞ்சர். பழுத்த பலா வாசனை மூக்கைத் துளைக்கிறது. எதிரே வந்த பஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "தம்பி, மேல ரெண்டு நிக்குது, சீக்கிரம் கிளம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். டியூப் மாற்ற மூன்று நிமிஷம், குப்பிக்குப் பத்து நொடி. அந்த இடத்தில் நின்று இருநூறு தடவை பம்பு அடி என்றால் நான் அடித்திருக்க மாட்டேன், சைக்கிளை விட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

ஆனால் உங்களுக்கு நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. குப்பியைத் திருகும் தலையில் இரண்டு வகை. ஒன்று, திருகினவுடன் துளை விழுந்து கேஸ் வர ஆரம்பித்துவிடும். இன்னொன்றில் தனியாக ஒரு குமிழ் இருக்கும், நாம் திறந்தால்தான் கேஸ். இரண்டாவது வகைதான் வாங்க வேண்டும். தலையை முதலில் வால்வில் நேராக உட்கார வைத்து, ஆட்டிப் பார்த்து, அப்புறம் குமிழைத் திறக்கணும். குப்பிக்கு ஒரு பழைய காலுறையை மாட்டிவிட்டால் விரல் ஒட்டாது. உள்ளே திரவமாக இருப்பது ஒரே மூச்சில் கேஸாகி விரிவதால் அந்தக் குளிர்ச்சி, குப்பியில் குறை ஒன்றும் இல்லை.

டியூப்பை மாட்டும்போது வாயால் கொஞ்சம் ஊதி உருண்டையாக்கிக்கொள்ளுங்கள், பிரெஸ்டாவில் அது முடியும். இல்லாவிட்டால் டியூப் எங்கேயாவது டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டிக்கொண்டு குப்பி திறந்த வேகத்தில் கிழிந்துவிடும். குப்பியில் பாதியில் நிறுத்திச் சரிபார்க்கிற பொறுமை யாருக்கும் வராது.

அளவு பற்றி: உங்கள் 32 டயருக்கு 16 கிராம் குப்பி 65லிருந்து 75 வரை கொண்டுபோகும், அது போதும். என் தம்பி வைத்திருக்கும் 29க்கு 2.2 மலை சைக்கிளுக்கு அதே குப்பி 25ஐத் தாண்டாது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேஸை வெளியே விட்டுவிட்டுச் சாதாரணக் காற்று அடித்துவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு ரப்பர் வழியாகச் சீக்கிரம் கசியும், மறுநாள் காலை டயர் தளர்ந்திருக்கும். அதைப் பார்த்து மறுபடியும் பஞ்சர் என்று நினைத்து டியூப்பைப் பிரித்தவன் நான்.

காலிக் குப்பியைக் காட்டில் போடாமல் பையிலேயே கொண்டுவாருங்கள். சொல்லத் தேவையில்லை, ஆனாலும் ரோட்டோரம் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வளையல் சக்கரம் (புதன், இரவு 10.40)

டியூப்லெஸ் போட்டுவிடுங்கள். இந்தப் பிரச்சினையே இல்லை.

கோத்தகிரி இறக்கம் (புதன், இரவு 10.44)

ரிம், டயர், பசை எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் எங்கே என்று சொல்லுங்கள், நானும் வாங்கிக்கொள்கிறேன்.

வத்தலக்குண்டு பழைய கடை (வியாழன், காலை 6.10)

தாயி, எல்லோரும் காற்றைப் பற்றியே பேசுகிறார்கள். நான் ஓட்டையைப் பற்றிக் கேட்கிறேன்.

முதல் டியூப் போனது. புது டியூப் போட்டாய், பத்து நிமிஷத்தில் அதுவும் போனது. புது டியூப் சும்மா போகாது. டயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாயா? நீ எழுதினதில் அது இல்லை. முள்ளோ கம்பியோ டயரிலேயே குத்தி நிற்கிறது, அதன் மேல் நீ புது டியூப்பைப் போட்டுக் காற்றும் அடித்துக் கொடுத்திருக்கிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது.

வத்தலக்குண்டில் 22 வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தேன். இப்போது மகன் அதே இடத்தில் மொபைல் ரீசார்ஜ் பார்க்கிறான். மலைக்கு ஏறுகிறவன், மலையிலிருந்து இறங்குகிறவன் எல்லாரும் நம்ம கடையைத் தாண்டித்தான் போகணும். கீழே இருந்து போகிறவர்கள் பலருக்கு முள் இங்கேயே ஏறிவிடும், சீமைக் கருவேல முள். அது டயர் ரப்பரில் உடைந்து தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, முப்பது நாற்பது கிலோமீட்டர் தாண்டி மலை மேல் போய்க் காற்றை இறக்கும். அவன் மலை ரோட்டைத் திட்டுவான். நீ மேலேயே இருக்கிறவள், உனக்குக் கருவேலம் இல்லை. லாரி டயர் வெடித்துச் சிதறின கம்பியாக இருக்கலாம். தலைமுடி மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இப்படிச் செய். டியூப்பில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார். வால்விலிருந்து எத்தனை சாண் என்று அள. டயரில் வால்வு இருந்த இடத்திலிருந்து அதே அளவு தள்ளிப் பார். டியூப்பை எந்தப் பக்கமாக வைத்திருந்தாய் என்று மறந்திருந்தால் இரண்டு பக்கமும் அள. இனிமேல் டயர் மாட்டும்போது டயரில் எழுதியிருக்கிற பெயர் வால்வுக்கு நேராக வருகிற மாதிரி மாட்டு, இந்தக் குழப்பமே வராது. தடவிப் பார்க்க வெறும் விரலை விடாதே, கிழித்துவிடும். பஞ்சு எடுத்துக்கொள். டயர் உள்பக்கம் முழுக்கப் பஞ்சால் தடவிக்கொண்டே போனால் கம்பி நிற்கிற இடத்தில் ஒரு நார் மாட்டி இழுக்கும். பஞ்சுக்கு உனக்கென்ன குறைச்சல்.

ஓட்டை இரண்டாக, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது முள் இல்லை. காற்றுக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் விட்டதால் ரிம் கடித்தது.

ஒட்டுப் போடுவதிலும் ஒன்று. கொடைக்கானல் ஈரத்தில் சொல்யூஷன் காயாது. கீழே நான் ஒரு பீடி பாதி இழுக்கிற நேரம் விடுவேன், அங்கே முழு பீடி. பளபளப்புப் போய் மங்கின பிறகுதான் பேட்சை வைக்கணும். ஈரத்தோடு அமுக்கினால் அன்றைக்கு நிற்கும், மறுநாள் நிற்காது. சொல்யூஷன் இல்லாத ஸ்டிக்கர் ஒட்டு விற்கிறார்கள். அது ஏற்றத்தில் சரி. கொடைக்கானலிலிருந்து இறங்குகிறவர்கள் பிரேக்கைப் பிடித்தபடியே வருவார்கள், ரிம்மில் கை வைத்தால் சுடும். அந்தச் சூட்டில் ஒட்டு வழுக்கி நகர்ந்து நிற்கும். என் கடைக்கு அப்படி வந்தவை நிறைய. டம்டம் பாறையில் கொஞ்சம் நின்று, ரிம் ஆறின பிறகு இறங்கு. வேடிக்கை பார்த்த மாதிரியும் இருக்கும்.

பங்க் காற்று பற்றி: பித்தளையில் ஒரு சின்ன மூடி வருகிறது, ஊசி வால்வு மேல் திருகினால் கார் வால்வு மாதிரி ஆகிவிடும். வாங்கிப் பையில் போட்டு வை, எடையே இல்லை. மாட்டும் முன் ஊசியின் முனையில் இருக்கும் குட்டி நட்டைத் தளர்த்த மறக்காதே, இல்லாவிட்டால் காற்று ஏறாது. ஆனால் பங்கில் பார்த்து அடிக்கச் சொல். லாரிக்கு அடிக்கிற வேகத்தில் சைக்கிள் டியூப்புக்கு அடித்தால் ஒரு நொடி போதும், காது அடைத்துப் போகும். தொட்டு விடு, தொட்டு விடு என்று அடிக்கணும். சில புது மெஷின், டயரில் காற்றே இல்லையென்றால் ஓடவும் ஓடாது. முதலில் கொஞ்சம் நாம் அடித்துக்கொண்டு போகணும்.

பம்பு எது வாங்குவது என்பது எனக்குத் தெரியாது. நான் வைத்திருந்தது கால் வைத்து மிதித்துப் பிடிக்கிற நெட்டைப் பம்பு, இரும்பு. அதைப் பையில் வைக்க முடியாது.

நாயுடுபுரத்துக்காரி (வியாழன், இரவு 9.50)

ஐயா, கடையிலிருந்து ஒரு ரோல் பஞ்சு எடுத்து வந்தேன் (காசு போட்டுவிட்டேன்).

இரண்டு டியூப்பையும் வாளித் தண்ணீரில் முக்கினேன். இரண்டிலும் ஒற்றை ஓட்டை. முதல் டியூப்பில் வால்விலிருந்து இரண்டு சாண், நாலு விரல். இரண்டாவதிலும் அதே இரண்டு சாண், நாலு விரல். அளந்தபோதே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எந்தப் பக்கம் மாட்டியிருந்தேன் என்று நினைவில்லை, இரண்டு பக்கமும் தேடினேன். இரண்டாவது பக்கத்தில் பஞ்சு நார் சட்டென்று மாட்டியது. கண்ணாடி போட்டும் தெரியவில்லை. வெளியிலிருந்து டயரை மடக்கி, டார்ச் அடித்து, முள் எடுக்கும் இடுக்கியால் இழுத்ததில் வந்தது: அரை அரிசி நீளம், முடி கனம், கம்பி. மாத்திரைக் கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

ஆக இரண்டாவது குப்பியை நான் ஒழுங்காகவே திருகியிருந்தாலும் அடுத்த பத்தாவது நிமிஷம் அதே கதைதான். கோத்தகிரித் தம்பி, உங்கள் குப்பியின் மேல் எனக்குக் கோபம் தீர்ந்தது. ஆனால் ஒன்று யோசித்தேன். இழுப்பு இருக்கிறவர்கள் இன்ஹேலர் வாங்கும்போது இதில் எத்தனை தடவை அடிக்கலாம் என்று கேட்பார்கள். டப்பாவிலேயே போட்டிருக்கும், 200 என்று. குப்பி அப்படி ஒரு எண்ணிக்கை, என்னிடம் அது 2. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து இரண்டாவதைக் கையில் எடுத்தபோது என் கை நடுங்கியது, இதை விட்டால் இல்லையே என்று. நடுங்கினதால்தான் கோணலாகத் திருகினேன் என்று இப்போது தோன்றுகிறது. யானை இருக்கிற ரோட்டில் வேகம் முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். மன்னவனூர் ரோட்டில் எனக்கு யாரும் அவசரம் கொடுக்கவில்லை. ஒரு கைப்பம்பு இருந்திருந்தால் கம்பி குத்தினபடியே இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை அடித்து அடித்தாவது பூம்பாறை வந்திருப்பேன்.

சரி, பம்பு என்று பாதி முடிவுக்கு வந்துவிட்டேன். ஆனால் கடையில் போய்ப் பார்த்தால் ஒல்லியாக ஒன்று, குண்டாக ஒன்று. குண்டுப் பம்பில் சீக்கிரம் ஏறும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

குன்னூர் பௌதிகம் (வெள்ளி, மாலை 5.30)

மேடம், பாதி உண்மை. பள்ளியில் பௌதிகம் எடுக்கிறேன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்பின் உருளை அகலமாக இருந்தால் ஒரு அடிக்கு நிறையக் காற்றுப் போகும். ஆனால் டயருக்குள் இருக்கும் அழுத்தம் அந்த அகலத்தின் மேல்தான் எதிர்த்துத் தள்ளுகிறது. உருளையின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால், 80 பி.எஸ்.ஐ.யில் கைப்பிடியை அமுக்க ஏறக்குறைய 18 கிலோ பலம் வேண்டும். 30 மில்லிமீட்டர் என்றால் அதே 80க்கு 40 கிலோ. உங்கள் 65க்கு முறையே 14, 32 கிலோ. ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து, கை நீட்டி, 32 கிலோவை நூறு தடவை அமுக்க முடியுமா என்று நீங்களே பாருங்கள். குண்டுப் பம்பு 30, 35 பி.எஸ்.ஐ. போதும் என்கிற தடித்த டயர்காரர்களுக்கு. உங்களுக்கு ஒல்லிதான். அடி எண்ணிக்கை கூடும், ஆனால் கடைசி அடி வரை அமுக்க முடியும்.

பம்பு வாங்கும்போது இழுத்து நீட்டுகிற சின்ன ரப்பர்க் குழாய் உள்ளதைப் பாருங்கள். குழாய் இல்லாமல் நேரடியாக வால்வில் மாட்டுகிற பம்பு ஒவ்வொரு அடிக்கும் வால்வை ஆட்டும். வால்வின் அடிப்பாகத்தில் டியூப் கிழிந்தால் அந்த இடத்தில் ஒட்டுப் போட வழியில்லை. குழாய் திருகுகிற வகையாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: கழற்றும்போது சில வால்வுகளின் உள்ஊசியும் சேர்ந்து கழன்று வந்து, அடித்த காற்று மொத்தமும் போய்விடும். வீட்டிலேயே அந்த ஊசியை ஒரு தடவை இறுக்கிவைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது லவ்டேல் பக்கத்தில் நடந்தது. மாணவன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. கொடைக்கானல் 2,100 மீட்டர் சொச்சம், அங்கே சுமார் 11.4தான். பம்பு ஒவ்வொரு அடிக்கும் வெளியிலிருந்து இழுப்பது அந்த மெலிந்த காற்றை. கடலோரத்தில் 100 அடி அடித்தால் ஏறுகிற காற்றுக்கு உங்கள் ஊரில் கிட்டத்தட்ட 129 அடி. பம்பு பழுது என்று நினைத்துவிடாதீர்கள். குப்பிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் 16 கிராம் எங்கே போனாலும் 16 கிராம்தான்.

கீழே 80 அடித்துவிட்டு மேலே வந்தால் டயர் வெடிக்குமா என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். வெளியழுத்தம் குறைவதால் மீட்டரில் 3 கூடும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் குளிரில் 6 குறையும். கூட்டிக் கழித்தால் 77. இறக்கத்தில் பிரேக் சூட்டைத்தான் கவனிக்க வேண்டும், பழைய கடை ஐயா சொன்னது சரி.

ஊட்டிக் குளிர் (வெள்ளி, இரவு 8.15)

பேட்டரி பம்பு வைத்திருக்கிறவன் நான் ஒருவன்தான் போல, அதனால் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற சின்னது, நூறு கிராம் சொச்சம். அழுத்தம் எவ்வளவு என்று பட்டனில் வைத்துவிட்டால் அதுவே நிற்கும். வீட்டில் வைத்துப் பயன்படுத்த இதைவிடச் சுகமானது கிடையாது. கைவலி உள்ள என் அப்பாவே அடித்துக்கொள்கிறார்.

ரோட்டில் வேறு. முழுச் சார்ஜில் என் டயருக்கு இரண்டு தடவை வரும், மூன்றாவது சந்தேகம். டிசம்பரில் தலைக்குந்தா பக்கம் புல்லில் உறைபனி விழுந்த காலையில், பைக்குள் கிடந்து குளிர்ந்துபோய், ஒரு டயருக்கே பாதியில் மூச்சை விட்டது. அப்புறம் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போகப் பழகினேன். இதைவிடப் பெரிய சிக்கல், கடைசியாக எப்போது சார்ஜ் போட்டோம் என்பது. ஆறு மாதம் பஞ்சரே ஆகாது. ஆகிற அன்றைக்கு எடுத்தால் விளக்கே எரியாது. ஓடும்போது தொடுமிடம் சுடும், சத்தமும் மிக்ஸி மாதிரி. காட்டுக்குள் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் வாரம் ஒரு நாள், தனியாக, சிக்னல் இல்லாத ரோட்டில் போகிறீர்கள். சார்ஜ் பார்க்க மறக்காத ஆள் என்றால் வாங்குங்கள். நான் மறக்கிற ஆள், அதனால் கூடவே ஒரு கைப்பம்பும் வைத்திருக்கிறேன். அப்புறம் அது எதற்கு என்று மனைவி கேட்டாள், பதில் இல்லை.

நாயுடுபுரத்துக்காரி (மூன்று வாரம் கழித்து, புதன், இரவு 8.30)

ஒல்லிப் பம்பு வாங்கினேன். குழாய் உள்ளது, உருளை 20 மில்லிமீட்டர். குப்பியும் ஒன்று பையில் இருக்கிறது, குமிழ் வைத்த தலையோடு, கொழுந்தனின் பழைய காலுறை மாட்டி. கோத்தகிரிப் பக்கம் பலா சீசனில் வந்தால் உதவும். பித்தளை மூடி இரண்டு, பஞ்சு ஒரு பொட்டலம், முள் இடுக்கி. டயர் பெயரை வால்வுக்கு நேராக வைத்து மாட்டிவிட்டேன், ஐயா.

சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. போன வாரம் பூம்பாறையில் டீக்கடை வாசலில் ஒரு பள்ளிக்கூடப் பையன் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். பழைய மாடல், வால்டியூப் என்கிற குட்டி ரப்பர்க் குழல் போட்ட வால்வு. காற்று இல்லை. என் பம்பு இதற்கு ஆகாது என்றுதான் நினைத்தேன். சும்மா பிரெஸ்டா பக்கத்தை வைத்துப் பார்த்தால் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. ஏறவும் ஏறியது. அரை மணி நேரம் காற்று நிற்கிறதா பார்க்கலாம் என்று இன்னொரு டீ சொன்னேன், அதற்குள் அவன் கிளம்பிப் போய்விட்டான்.

பௌதிகம் சார், உங்கள் 129ஐ நம்பாமல் இல்லை, ஆனாலும் எண்ணிப் பார்த்தேன். நாள் முழுக்க மாத்திரை எண்ணுகிற கை, எண்ணாமல் இருக்காது. ஒரே டயர், சுத்தமாகக் காற்றை இறக்கிவிட்டு 65 வரை. வத்தலக்குண்டில் அக்கா வீட்டு வாசலில் 186 அடி. நாயுடுபுரத்தில் என் வீட்டு வாசலில் 231. வத்தலக்குண்டும் கடல் மட்டம் இல்லை என்பதால் கொஞ்சம் குறைகிறது என்று வைத்துக்கொள்கிறேன். கை வலி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நடுவில் பெருமாள்மலையிலும் ஒரு கணக்கு எடுக்கலாம் என்று பஸ்ஸை விட்டு இறங்கி, பிரிவு ரோட்டில் உட்கார்ந்து காற்றை இறக்கினேன். நூற்று நாற்பது வரை எண்ணியிருப்பேன். இரண்டு சக்கர வண்டியில் போன ஒருவர் திரும்பி வந்து, "பஞ்சரா அக்கா, நான் அடிக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதில் எண்ணிக்கை விட்டுப்போனது.